கரட் எண்டு விட்டுடாதேங்கோ

கேள்வி: வணக்கம் அண்ணை. போன மாரிக்கு வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு லோட் மாட்டெரு வாங்கிப் போட்டனாங்கள். இப்ப கத்தரிப் பாத்தி முழுக்க கரட் இலை மாதிரி ஒரு கண்டு முளைச்சுக் கிடக்கு. மாமி விட்டுப் பாப்பம் எண்டுறா, எனக்குப் பயமாக் கிடக்கு. என்ன கண்டு இது? - வாசகி, நெடுங்கேணி

பதில்: தங்கச்சி, விதைக்காத கரட் தானா முளைக்காது, நீங்கள் சொல்லுறதைப் பாத்தா பாத்தீனியம் எண்ட களை மாதிரித்தான் இருக்கு. சின்னனில இலையெல்லாம் நிலத்தோட வட்டமாப் படிஞ்சு கிடக்கும், பிறகு நடுவால தண்டு விறுவிறுவெண்டு நிமிரும், தண்டில நெடுக வரியும் மெல்லிய மயிரும் இருக்கும். கரட் எண்டா முதல் போகத்தில தண்டு விட்டு நிமிராது. பூ மிளகளவு வெள்ளை, கோலிபிளவர் மொட்டு மாதிரி, கிட்டப் பாத்தா அஞ்சு மூலை தெரியும். மூக்குத்திப் பூண்டோட குழப்பாதேங்கோ, அதுக்கு நடுவில மஞ்சள், இலையும் இப்படி நறுக்கின மாதிரி இராது.

மெக்சிக்கோப் பக்கத்துச் செடி இது. 1987இல வந்த இந்திய ஆமியின்ர ஆடுகளோட வந்தது எண்டு சனம் சொல்லும், 1999இல வவுனியாவில இருக்கெண்டு பதிவாச்சு. எரு, மணல், உழவு மெசின் சில்லு எல்லாத்தோடயும் விதை வரும், உங்களுக்கும் அந்த எருவோடதான் வந்திருக்கும் எண்டு நினைக்கிறன்.

பூக்க முந்திப் புடுங்குங்கோ, இதைத்தான் நான் கெஞ்சிக் கேக்கிறன்! முளைச்சு ஒரு மாதத்திலயே பூத்திடும், வளந்த செடி ஒண்டு 15,000 விதைக்கு மேலயும் போடும், அந்த விதை மண்ணுக்குள்ள வருசக்கணக்காக் கிடந்து ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். கத்தியால வெட்டினா அடியில இருந்து திரும்பத் துளிர்க்கும், அதால மழை பெஞ்சு நிலம் ஈரமா இருக்கேக்க வேரோட இழுங்கோ. வெறுங்கையால தொடவே வேண்டாம், கிளவுஸ், மாஸ்க், நீளக்கைச் சட்டை எல்லாம் போடுங்கோ. பூக்காததைக் காயவிடலாம், பூத்ததை எருக்கிடங்குக்குள்ள போட்டுடாதேங்கோ, பையுக்குள்ள கட்டி ஆழமாத் தாட்டுவிடுங்கோ. மாடு திண்டா பால் கைக்கும், அதையும் பாத்துக்கொள்ளுங்கோ. சந்தேகம் எண்டா படம் எடுத்து உங்கட விவசாயப் போதனாசிரியரிட்டக் காட்டுங்கோ.

மாமிக்கு இழுப்பு வருத்தம் ஏதும் இருந்தா அவவை அந்தப் பாத்திப் பக்கம் விடாதேங்கோ, அதின்ர மகரந்தம் மூச்சைப் பிடிக்கும், தோலிலயும் கடி கிளப்பும்.