மிதக்கும் படகு ஜெட்டியைச் சங்கிலிக்குப் பதில் ரப்பர் கயிற்றில் கட்டினால் மும்பைக் கடலுக்குத் தாங்குமா?

தாங்கும், மழைக்காலத் திறந்த கடலைத் தவிர. இதே கேள்விக்கு ஒருவர் "ரப்பர் பேண்டில் யாராவது ஜெட்டி கட்டுவார்களா" என்று கேலியாகப் பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் செம்பூர்வாசி. மும்பைத் துறைமுகத்துக்கு அக்கரையில் உரண், ரேவஸ் பக்கம் ஜெட்டி வேலைகளில் ரிக்கிங் (கயிறு, சங்கிலி கட்டும் வேலை) சூப்பர்வைசர். உங்களுக்கு அலிபாக் பக்கம் ரிசார்ட்டோ படகுத்துறையோ இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தூத்துக்குடியில் கடல் ஏறி வற்றும் வித்தியாசம் 1 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது 4 மீட்டரைத் தாண்டும், அதுவும் தினம் இரண்டு முறை. ஏற்றத்துக்கு அளவாகச் சங்கிலி விட்டால் வற்றத்தில் தொய்ந்து பாண்டூன் (ஜெட்டியின் மிதவை) அலைபாயும். வற்றத்துக்கு அளவாகக் கட்டினால் ஏற்றத்தில் பாண்டூனை அமுக்கிவிடும்.

ஒரு க்ரீக்கில் (நிலத்துக்குள் புகுந்த கடற்கழியில்) தனியார் ஜெட்டி ஒன்று. மழைக்காலம் முடிந்து நாங்கள் போனபோது, சங்கிலி மாட்டியிருந்த இரும்பு வளையம் வெல்டோடு பிய்ந்து தொங்கியது. சங்கிலியை மேலே இழுத்துப் பார்த்தோம். மேல்பாதியில் துரு மட்டும்தான், கனம் குறையவில்லை. தரையைத் தொட்டுத் தொட்டு எழும் இடத்தில் மட்டும் கண்ணிகள் பாதியாகத் தேய்ந்து வெள்ளிபோலப் பளபளத்தன. ஒவ்வொரு அலைக்கும் அந்த இடம்தான் தரையில் உரசுகிறது. தொய்வு தீர்ந்ததும் விழும் வெட்டு இழுப்பு முழுவதும் வளையத்தில் இறங்குகிறது.

அங்கே ரப்பர் மூரிங், அதாவது பாண்டூனை நங்கூரத்தோடு பிணைக்கும் ரப்பர் கட்டு, போட்டோம். இரண்டு தகடுகளுக்கு நடுவே பல ரப்பர் இழைகள், மிச்ச நீளத்துக்குப் பாலியஸ்டர் கயிறு. ரப்பர் அளவு மீறி நீளாமல் பிடிக்கப் பக்கத்திலேயே ஒரு காப்புக் கயிறு. கடல் நன்றாக வற்றிய நேரத்திலேயே இழுவை கொடுத்துக் கட்ட வேண்டும், அப்போதுதான் எந்த மட்டத்திலும் தொய்வு வராது. கணக்கும் கஷ்டமில்லை. வற்றத்தில் ஆழம் 3 மீட்டர், ஏற்றத்தில் 8 மீட்டர், நங்கூரம் கிடைமட்டமாக 10 மீட்டர் தள்ளி என்றால், கட்டின் நீளம் 10.4 மீட்டரிலிருந்து 12.8 ஆகும். அந்த 2.4 மீட்டரை ரப்பர் கொடுக்க வேண்டும், அலைக்குத் தனியாக மிச்சமும் வேண்டும்.

சங்கிலியே ஆகாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை திறந்த கடலில் எதைக் கட்டினாலும் ஆபத்துதான். ஜெட்டிக்கு முன்னால் மிதக்கும் அலைத்தடுப்பு போட்டாலும், அது க்ரீக்கின் குட்டி அலைகளைத்தான் அடக்கும். பருவமழைக் கடலின் நீண்ட அலை அதன் அடியில் புகுந்து வந்துவிடும்.

அப்புறம் நங்கூரம். அதற்குப் போடும் கான்கிரீட் கட்டி காற்றில் 2.4 டன் என்றால் தண்ணீருக்குள் 1.4 டன்தான் இருக்கும், இதை மறந்துவிட்டு விலை பேசுகிறார்கள். இங்கே அடியில் குழைசேறு. டைவருக்குத் தன் கையே தெரியாது, தடவித் தடவித்தான் ஷாக்கிள் (கயிற்றை நங்கூரத்தில் பூட்டும் இரும்பு வளையம்) மாட்டுவார். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன்: மழைக்கு முன்பே முடித்த வேலைக்கு அந்த டைவர்களுக்குத் தீபாவளி வரை கூலி தராமல் இழுத்தடித்தார் ஒப்பந்தக்காரர். காப்பீடும் கிடையாது. ஜெட்டி போடுவதாக இருந்தால் டைவர் கூலியை ஒப்பந்தத்தில் தனியாக எழுதி, வேலை முடிந்த அன்றே நீங்களே நேரில் கொடுத்துவிடுங்கள்.