முன்பக்கத்தை உயர்த்த மலிவு வழி சரியா?

கேள்வி: என் இசுஸு டி-மேக்ஸ் பிக்கப்பின் முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறது. ஷாக் அப்சார்பருக்கு மேல் ஸ்பேசர் (இடையில் செருகும் தடிமனான துண்டு) வைத்துக் குறைந்த செலவில் உயர்த்தலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. பின்பக்கம் சுமை ஏறும்போது தாழ்வதற்கென்றே உயரமாக அமைக்கப்பட்டிருக்கிறது; முன்பக்கத்தையும் உயர்த்திவிட்டால், சரக்கு ஏற்றியதும் வண்டி வானத்தைப் பார்க்கும், முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

ஷாக் அப்சார்பர் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி, கீழ்க்கையின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கைகளில் கீழே இருப்பது) இடைப்பகுதியில் பொருத்தப்பட்டிருப்பதால், ஒரு அங்குல ஸ்பேசர் வண்டியை ஏறத்தாழ இரண்டு அங்குலம் உயர்த்துகிறது. ஆனால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் பழையவையே; ஸ்பேசர் அவற்றைக் கீழே தள்ளுவதால் சக்கரம் முன்பைவிட அதிகமாகத் தொங்கும். ஆகவே சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மேல்கை ஸ்பிரிங்கில் இடிக்கவும், பால் ஜாயிண்ட் (கையையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு) தன் கோண எல்லையிலேயே உழைத்துச் சீக்கிரம் தேயவும் வாய்ப்புண்டு. நான்கு சக்கர இயக்க வண்டியானால் முன் ஆக்சிலின் ரப்பர் உறைகளும் சீக்கிரம் கிழியக்கூடும். காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைவதால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைபாயும். வீல் அலைன்மென்ட் செய்தாலும் அது முழுமையாகச் சரியாகாமல் போகலாம். (மெக்கானிக் சொன்ன செலவில் அலைன்மென்ட் கட்டணம் இருக்கிறதா என்று கேளுங்கள்.)

உயரம் அவசியமென்றால், பொருத்தமான நீளமுள்ள ஸ்பிரிங், ஷாக், மேல்கை ஆகியவற்றைச் சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்கு முன், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.