பயோஃபீட்பேக் மெஷினுக்குக் கடன் வாங்கும் முன்

வணக்கம். தஞ்சாவூரில் இடுப்புத்தளப் பிசியோதெரபிக்கென்றே (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கான சிகிச்சை) கிளினிக் திறந்து 5 மாதம் ஆகிறது, வருகிறவர்கள் ஒரு தடவையோடு நின்றுவிடுகிறார்கள், கடன் வாங்கி, தசை இறுகுவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் மெஷின் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பே அதை எல்லாருக்கும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

இருமினால் சிறுநீர் கசிகிறது என்பதை வீட்டில்கூடச் சொல்லாத பெண், முதல் நாளே உள்பரிசோதனை என்றால் மிரண்டுதான் போவார். நானும் ஆரம்பத்தில் அந்தத் தப்பைச் செய்தேன். இப்போது முதல் நாள் பேச்சு மட்டும்தான். கையில் 3 நாள் குறிப்பேடு ஒன்று கொடுத்தனுப்புவேன்: எப்போது சிறுநீர் கழித்தார், எவ்வளவு தண்ணீர், காபி குடித்தார், எப்போது கசிந்தது. அதை எழுதிக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் தொடர்ந்து வருவார். பரிசோதனை அடுத்த தடவை, அவர் சம்மதித்தால், துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு.

எத்தனை நாளாகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயிற்சிக்கு நைஸ் கணக்கு குறைந்தது 3 மாதம். தினம் 3 வேளை, வேளைக்கு 8 தடவையாவது இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்த வேண்டும். சொல்லாவிட்டால் பத்தாம் நாள் 'ஒன்றும் தெரியலையே' என்று போய்விடுவார்கள். (தசை இறுகி வலியோடு வருகிறவர்களுக்கு இது வேண்டாம், முதலில் தளர்த்தக் கற்றுக்கொடுங்கள்.)

அப்புறம் உங்கள் கிளினிக் போர்டு. 'சிறுநீர்க் கசிவு' என்று தெருவுக்கே தெரிகிற மாதிரி எழுதினால் யார் படியேறுவார்? 'மகளிர் பிசியோதெரபி' போதும்.