கட்டி வாங்கின ட்ரெய்லர்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

போன வாரம் எங்க புது ட்ரெய்லரோட (வண்டி பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சக்கர வீடு) போட்டோவைப் போட்டேன், அதுல இருந்து இன்பாக்ஸ் முழுக்க கேள்விதான், ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். தெரியாதவங்களுக்கு: நாங்க இருக்கறது சியாட்டில் பக்கம். ட்ரெய்லர் 21 அடி, ஃபைபர்கிளாஸ், டீலர் கிட்ட ரெடியா நின்னதை வாங்கல, ஃபேக்டரிக்கு ஆர்டர் குடுத்து என்னென்ன வேணும்னு லிஸ்ட் போட்டு கட்டி வாங்கினது. கட்டக் கட்ட அவங்க அனுப்பின போட்டோவையெல்லாம் உத்து உத்துப் பாத்து மெயில் போட்டே அந்த ஆளுங்களை ஒரு வழி பண்ணிட்டேன்னு வீட்டுக்காரர் சொல்றார். கம்பெனி பேர் மட்டும் கேக்காதீங்க, விளம்பரமும் வேணாம் வம்பும் வேணாம்.

டல்லாஸ்காரன்: அக்கா, டீலர் யார்டுல நூறு வண்டி நிக்குது, டிஸ்கவுன்ட் வேற தர்றான். எதுக்கு ஆர்டர் குடுத்து காத்துக் கெடக்கணும்?

தம்பி, அவசரம்னா யார்டுலயே வாங்கிக்கோ, தப்பே இல்ல. அமெரிக்காவுல ஓடுற ட்ரெய்லர்ல பெரும்பாலானது இண்டியானால எல்க்ஹார்ட் சுத்துவட்டாரத்துலதான் செய்றாங்க, ஆமிஷ் (பழைய முறையில வாழற கிறிஸ்தவ சமூகம்) ஆளுங்க நெறைய பேர் வேலை பாக்கறாங்க, லைன் வேகமா ஓடும். அதுல நாம சொல்லி மாத்தறதுக்கு பெருசா எடமே கிடையாது, கலரு, ஏ.சி. பேக்கேஜ், அவ்வளவுதான். அதுல பாதிக்கு மேல மரச்சட்டம் போட்டு அலுமினியத் தகடு அடிச்சதா இருக்கும், இல்லன்னா மெல்லிசு பிளைவுட்டுக்கு மேல ஃபைபர்கிளாஸ் ஷீட்டை ஒட்டின சுவரா இருக்கும். கூரை ரப்பர் ஷீட். மூலையில இடுக்கை அடைக்கற சீலன்ட் பசை விட்டுப் போச்சுன்னா தண்ணி உள்ள போயி பிளைவுட் ஊறி சுவர் வீங்கிக்கும். இப்ப பிளைவுட்டுக்கு பதிலா அஸ்டெல்னு ஒரு ஷீட் போடறாங்க, அது ஊறாது, யார்டுல வாங்கறதா இருந்தா அது இருக்கான்னு கேளு.

எங்களுக்கு மோல்டுல வார்த்த ஃபைபர்கிளாஸ்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டோம். கனடாவுல வினிபெக்ல 1968ல போலர்னு ஒரு முட்டை ஷேப் ட்ரெய்லர் வந்துச்சு, அந்த வம்சம்தான் இதெல்லாம். இன்னிக்கும் மினசோட்டா பேக்கஸ்ல ஸ்கேம்ப், டெக்சஸ் ரைஸ்ல கசீட்டா (உனக்குப் பக்கம்தான், ஒரு எட்டு போய்ப் பாரு), டென்னசி ஹோஹென்வால்ட்ல ஆலிவர், பிரிட்டிஷ் கொலம்பியா சில்லிவாக்ல எஸ்கேப், இவங்கெல்லாம் ஆர்டர் வாங்கித்தான் கட்டித் தர்றாங்க. நான் வாங்கினது இதுல இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க முயற்சி பண்ண வேணாம்.

மெக்கானிக்மாமா: ஷெல்லு எப்படி செய்யறாங்க? போட்டோல பாத்து உனக்கு என்ன புரிஞ்சுதும்மா?

மாமா, நல்ல கேள்வி, இதுல நான் கொஞ்சம் நீளமா பேசுவேன். வெளியில தெரியற பளபள கோட் இருக்கில்ல, ஜெல்கோட், அதைத்தான் முதல்ல அடிக்கறாங்க. மோல்டுக்கு வேக்ஸ் தடவி, உள்பக்கம் ஜெல்கோட் ஸ்ப்ரே பண்ணி, அது மேல துப்பாக்கி மாதிரி ஒண்ணுல கண்ணாடி நாரைத் துண்டு துண்டா வெட்டி ரெசினோட (இறுகற பிசின்) சேத்து அடிச்சு, ரோலர் போட்டு காத்துக் குமிழையெல்லாம் அழுத்தி எடுத்துடறாங்க. இறுகினதும் மோல்டுல இருந்து கழட்டினா மேல் பாதி, கீழ் பாதின்னு ரெண்டு துண்டு. அதை இடுப்புல சேத்து உள்பக்கம் மறுபடி ஃபைபர்கிளாஸ் போட்டு ஒட்டறாங்க. அதனால கூரையில ஜாயின்ட்டே கிடையாது, ஃபேனு, ஏ.சி., பைப்பு வென்ட்டுன்னு நாம போடற ஓட்டைதான் லீக் ஆகற எடம்.

அப்புறம்தான் ஜன்னல் வெட்டறது, ஒயரிங், பைப்பு, அலமாரி எல்லாம். இந்த நடு ஸ்டேஜ் போட்டோதான் தங்கம். ஷெல்லு மொட்டையா நிக்கும், பக்கத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி மார்க்கர்ல ஆர்டர் நம்பர், கூரையில இருந்து ரெண்டு ஒயர் தொங்கும், அதுல ஒரு டேப்புல 'சோலார்'னு கிறுக்கி இருக்கும். எந்த ஒயர் எந்தப் பக்கமா போகுதுன்னு இதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் பாக்க முடியாது, ஏன்னா மேல லைனிங் ஒட்டிடுவாங்க.

எங்க விஷயத்துல என்ன ஆச்சுன்னா, மாமியாருக்கு முட்டி வலி, வாசப்படி ஏற கைப்பிடி வேணும்னு கதவுக்கு வலது பக்கம் உள்ள ஒரு பிளைவுட் பலகை பதிக்கச் சொல்லி ஆர்டர்லயே எழுதி இருந்தோம். ஃபைபர்கிளாஸ் மெல்லிசு, ஸ்க்ரூ அதுலயே போட்டா ஆள் வெயிட்டுக்கு புடுங்கிக்கும், பலகை உள்ள இருந்தாத்தான் நிக்கும். போட்டோவை பெருசு பண்ணிப் பாக்கறேன், ஃப்ரிட்ஜ் பக்கம் பலகை இருக்கு, டேபிள் பக்கம் இருக்கு, கதவு கிட்ட வெறும் சுவர். அன்னிக்கு ராத்திரியே அந்த எடத்தை செவப்புல வட்டம் போட்டு மெயில் அனுப்பினேன். மறுநாள் பலகை வச்சு ரெசின் காயறதுக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க, பாவம். லைனிங் ஒட்டின பிறகு சொல்லி இருந்தா அவங்களும் ஒண்ணும் பண்ணி இருக்க முடியாது.

கொஞ்சம்கஞ்சன்: ஆப்ஷன் லிஸ்ட் பாத்தா தலை சுத்துது. எதை ஃபேக்டரில போடணும், எதை விடலாம்?

நான் வச்சுக்கிட்ட கணக்கு ஒண்ணே ஒண்ணுதான். சுவருக்குள்ளயோ தரைக்கடியிலயோ போய் மூடிக்கற எல்லாத்தையும் ஃபேக்டரில கேட்டு வாங்குங்க, மேல உக்காந்துக்கறதை அப்புறம் வாங்கிக்கலாம். தரைக்கடி ஃபோம், ரெட்டைக் கண்ணாடி ஜன்னல், பெரிய ஆக்சில், கூரையில இருந்து பேட்டரி வரைக்கும் தடி ஒயர், ஏ.சி. இப்ப வேணாம்னாலும் அதுக்கான ஒயரும் கூரையில பலகையும், பின்னாடி கேமராவுக்கு ஒயர், இதெல்லாம் ஒரு பைசா குறைக்காதீங்க. டி.வி., மெத்தை, சோலார் பேனல், பேட்டரி, ஸ்டீரியோ இதெல்லாம் வெளியில மலிவு, தரமும் நாமளே பாத்து எடுக்கலாம்.

இன்னொண்ணு, மாத்தறதுக்கு ஒரு கடைசித் தேதி குடுப்பாங்க. அதுக்கப்புறம் மெட்டீரியல் ஆர்டர் போயிடும், கெஞ்சினாலும் நடக்காது. ஃபோன்ல பேசினது எதுவும் கணக்குல இல்ல. அவங்க அனுப்பற பில்ட் ஷீட்ல (என்னென்ன போட்டுக் கட்டப் போறாங்கங்கற லிஸ்ட்) வரி வரியா இருக்கணும், இல்லன்னா அது உங்களுக்கு வராது.

விலையும் சில பேர் கேட்டிருந்தீங்க. ஆப்ஷனைப் பொறுத்து ஏறி இறங்கும், நான் என் நம்பரைச் சொன்னா உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. கம்பெனி வெப்சைட்ல ஆப்ஷனைப் போட்டு பாருங்க, அதுக்கு மேல ரிஜிஸ்டர் பண்ற ஸ்டேட்டோட டேக்ஸ், இன்சூரன்ஸ், ஹிட்ச் (வண்டில ட்ரெய்லரை மாட்டற கொக்கி), பிரேக் கன்ட்ரோலர் (ட்ரெய்லர் பிரேக்கை வண்டில இருந்தே போடறது) சேத்துக்குங்க.

சியன்னா_அப்பா: எங்ககிட்ட டொயோட்டா சியன்னா இருக்கு, ரெண்டு பசங்க. உங்க ட்ரெய்லர் மாதிரி இழுக்குமா மேடம்?

இழுக்காது சார். சியன்னா லிமிட் 3,500 பவுண்ட், எங்க ட்ரெய்லர் லோடோட 5,000 வரைக்கும் போகும். நாங்க பிக்கப் வச்சிருக்கோம். நெறைய பேர் இழுக்கற கெப்பாசிட்டி மட்டும் பாத்து ஏமாந்துடறாங்க. டொயோட்டா ஹைலேண்டர் பெட்ரோல்னா 5,000, அதே வண்டி ஹைப்ரிட்னா 3,500, இதெல்லாம் மாடல் பேரை வச்சு சொல்ல முடியாது. அதை விட முக்கியம், டிரைவர் கதவைத் திறந்தா உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேத்து இவ்வளவு பவுண்டுக்கு மேல கூடாதுன்னு. ட்ரெய்லர் வெயிட்ல 10ல இருந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல உக்காரணும், அதுக்குக் கீழ போச்சுன்னா ஹைவேல வால் ஆட்டும். அப்ப 5,000 பவுண்டுக்கு 500ல இருந்து 750 பவுண்ட், அது முழுக்க அந்த ஸ்டிக்கர் கணக்குல சேரும், அதோட நீங்க, உங்க வீட்டம்மா, பசங்க, அரிசி மூட்டை எல்லாம்.

ப்ரோஷர்ல போட்டிருக்கற காலி வெயிட்டை நம்பாதீங்க, ஆப்ஷன் போடப் போட ஏறும். தண்ணி ஒரு கேலன் 8.34 பவுண்ட், 30 கேலன் டேங்க் ரொப்பினா 250 பவுண்ட். ஒரு ஆளை விட அதிகம்! அந்த டேங்க் ஆக்சிலுக்கு முன்னாடியா பின்னாடியாங்கறதைப் பொறுத்து ஹிட்ச் வெயிட்டே மாறும், ஆர்டர் பண்ணும்போதே கேட்டுக்குங்க. சியன்னாதான் வண்டின்னா 13 அடி ஸ்கேம்ப் சைஸ்ல பாருங்க, சுகமா போகும்.

இட்லிமாவு: லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர் போட்டா கிரைண்டர், இண்டக்‌ஷன் எல்லாம் காட்டுக்குள்ள ஓட்டலாமா அக்கா?

கிரைண்டர் தாராளமா ஓடும் கண்ணு, இங்க விக்கிற டேபிள்டாப் 150 வாட்தான் இழுக்குது, அரை மணி நேரம் அரைச்சா 75 வாட் அவர். (ஊர்ல இருந்து தூக்கிட்டு வந்த 230 வோல்ட் கிரைண்டரை இதுல சொருகாதே.) வில்லன் இண்டக்‌ஷன்தான். 1,800 வாட்டுக்கு 12 வோல்ட் பக்கம் 150 ஆம்ப்புக்கு மேல போகும். 100 ஆம்ப் அவர் லித்தியம் பேட்டரி பலதுல உள்ள இருக்கற போர்டு 100 ஆம்ப்புக்கு மேல விடாது, பட்டுனு கட் ஆயிடும். அதனால குறைஞ்சது ரெண்டு பேட்டரியை பேரலல்ல (ப்ளஸ்ஸோட ப்ளஸ், மைனஸ்ஸோட மைனஸ்) சேக்கணும், ஒயரும் விரல் தண்டி இருக்கணும், இன்வெர்ட்டரும் பேட்டரியும் கிட்டக்க இருக்கணும். இதனாலதான் ஃபேக்டரில ஒயர் விஷயத்துல விடாதீங்கன்னேன். ரெண்டு பேட்டரில மொத்தம் 2.5 யூனிட் சொச்சம், ஒரு மணி நேரம் இண்டக்‌ஷன் ஃபுல்லா போட்டா பெரும்பங்கு காலி. கூரையில 200 வாட் சோலார் நல்ல வெயில்ல நாளைக்கு ஒரு யூனிட் குடுத்தா பெரிய விஷயம், மரத்தடியில அதுவும் இல்ல. நாங்க சமைக்கறது கேஸ்லதான். கேம்ப்ல கரண்ட் கனெக்‌ஷன் இருந்தா இண்டக்‌ஷன், அதுவும் 30 ஆம்ப்னா மொத்தமே 3,600 வாட், ஏ.சி. ஓடும்போது இண்டக்‌ஷனும் கெட்டிலும் சேந்து போட்டா பிரேக்கர் விழும்.

தாளிப்புராணி: உள்ள தாளிச்சா அலாரம் அடிக்குமா?

மொளகாய் போட்டா கட்டாயம் அடிக்கும். அடுப்புக்கு மேல இருக்கற ஹூடு காத்தை வெளிய தள்ற டைப்பான்னு கேளுங்க, சிலது ஃபில்டர் வழியா திரும்ப நம்ம மூஞ்சிலயே விடும். கூரை ஃபேன் அடுப்புக்குக் கிட்டக்க வரமாதிரி கேட்டு வாங்கினோம். கருவாடு, மீன் வறுவல்லாம் வெளியில ஸ்டவ் வச்சுத்தான், பத்தடிக்கு பத்தடி கூட இல்லாத எடத்துல வாசனை மெத்தையில ஏறிக்கும். கீழ தரை கிட்ட இருக்கற அலாரம் கேஸ் லீக்குக்கு, ப்ரொபேன் காத்தை விட கனம், கீழதான் தங்கும், அது அடிச்சா மொளகாய்னு நெனச்சு ஆஃப் பண்ணிடாதீங்க, எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து சிலிண்டரை மூடுங்க.

ஸ்காபரோத்தம்பி: அக்கா, நாங்கள் டொரொண்டோ பக்கம். ஒக்டோபர் கடைசியிலயும் போக ஆசை. குளிருக்கு என்ன சொல்லிச் செய்விக்க வேணும்? பிறகு விண்டருக்கு எப்பிடி வைக்கிறது?

தம்பி, உங்க ஊர் குளிருக்கு தரைக்கடி ஃபோம், ரெட்டைக் கண்ணாடி, டேங்குக்கு ஹீட்டர் பேட், மூணும் கேளுங்க. லித்தியம் பேட்டரியை முன்னாடி நாக்குல (வண்டியோட மாட்டற முன் சட்டம்) வெளிய வைக்க விடாதீங்க, சைபர் டிகிரிக்குக் கீழ அதைச் சார்ஜ் பண்ணக் கூடாது, கெட்டுடும். உள்ள சீட்டுக்கு அடியில எடம் பண்ணச் சொல்லுங்க. வைக்கும்போது தண்ணி முழுக்க வடிச்சு, வாட்டர் ஹீட்டரை பைபாஸ் பண்ணி, பைப்புல அந்த பிங்க் கலர் ஆன்டிஃப்ரீஸ் ஓட்டணும், ஆர்.வி.க்குன்னு (இந்த மாதிரி சக்கர வீட்டுக்கு) விக்கறது, கார்ல ஊத்தறது விஷம், அதை எடுத்துடாதீங்க. ஷவர், டாய்லெட், வெளிய இருக்கற குழாய் எதையும் விடாம பிங்க் வர்ற வரைக்கும் திறங்க.

முதல்தடவை: டெலிவரி எடுக்கப் போறோம் அடுத்த மாசம். என்ன பாக்கணும்?

அவசரப்படாதீங்க, சாயங்காலத்துல போகாதீங்க, காலையில போங்க. தண்ணி கனெக்‌ஷன் குடுத்து பம்ப் போட்டு, ஒவ்வொரு அலமாரிக்குள்ளயும் கையை விட்டு பைப் ஜாயின்ட்டைத் தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத ஈரம் விரலுக்குத் தெரியும். ஃப்ரிட்ஜ் முன்னாடியே ஆன் பண்ணி வைக்கச் சொல்லுங்க. ஹீட்டர், ஏ.சி., அடுப்பு, எல்லா லைட்டும், பிரேக்கும் ஓட்டிப் பாருங்க. ஜன்னல் சீலன்ட் சுத்தி வர இடைவெளி இருக்கான்னு பாருங்க. டயரோட பக்கச் சுவர்ல DOTனு ஆரம்பிக்கற நம்பர்ல கடைசி நாலு இலக்கம் தயாரிச்ச தேதி, 3224னா 2024ல 32வது வாரம். பழைய டயரா இருந்தா அங்கயே பேசுங்க. பேப்பர்ல இருக்கற பதினேழு எழுத்து வி.ஐ.என். (வண்டியோட அடையாள) நம்பரும் வண்டில இருக்கறதும் ஒண்ணான்னு பாருங்க. முதல் ராத்திரி ஃபேக்டரிக்குப் பக்கத்துலயே ஒரு கேம்ப்ல தங்குங்க, ஏதாவது ஒழுகினா காலையில திரும்பப் போகலாம். எங்களுக்கு பாத்ரூம் சிங்க் அடியில ஒரு க்ளாம்ப் லூசா இருந்துச்சு, மறுநாள் அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிக் குடுத்தாங்க.

பூசணிக்காய்: பூஜை போட்டீங்களா? சக்கரத்துல எலுமிச்சம்பழம்?

போடாம? பார்க்கிங் லாட்லயே. வேலை பாத்த பசங்க சுத்தி நின்னு வீடியோ எடுத்தாங்க, ஒருத்தன் தேங்காய் துண்டு வாங்கிட்டுப் போனான். ட்ரெய்லர் வீலையும் சேத்து நாலு பழத்துக்குப் பதிலா எட்டு பழம்.

மெக்கானிக்மாமா: வீல் நட்டு டைட் பண்ணினியாம்மா?

பண்ணினேன் மாமா. புதுசுல நட்டு லூசாகும்னு ஆக்சில் கம்பெனிக்காரனே 10, 25, 50 மைல்ல நிறுத்தி டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பேனர்) போடச் சொல்றான். பத்தாவது மைல்ல கேஸ் ஸ்டேஷன்ல வச்சு வீட்டுக்காரர் போட்டார், ரெண்டு நட்டு கால் சுத்து வாங்குச்சு. இருபத்தஞ்சுல ஒண்ணு. அம்பதுல எதுவும் அசையல. ரெஞ்ச் இப்பவும் முன் டப்பாவுலதான் இருக்கு, அடுத்த கேள்வி இருந்தா கீழ போடுங்க, நாளைக்கு வந்து பாக்கறேன், இட்லிக்கு ஊறப் போடணும்.