பத்துக் கருமுட்டைகளில் நான்கு மட்டும் கருவுற்றது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 33. ஐ.வி.எஃப் சிகிச்சையில் பத்துக் கருமுட்டைகள் எடுத்தார்கள். நான்கு மட்டுமே கருவுற்றன. கணவரின் விந்துப் பரிசோதனை இயல்பாகவே இருந்தது. குறை என் முட்டையில்தானா? அடுத்த முறைக்கு முன் என்ன செய்யலாம்?

பதில்: யாரிடம் குறை என்று தேடுவதற்கு முன், அந்தப் பத்தில் எத்தனை முட்டைகள் முதிர்ந்திருந்தன என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். முதிராத முட்டை இயல்பாகக் கருவுறாது. எடுக்கப்படுபவற்றில் சில அப்படி இருப்பது பெரும்பாலோருக்கு நேர்வதே. முதிர்ந்தவற்றில் ஏறத்தாழ 60 முதல் 80 சதவீதம் கருவுறுவது வழக்கம். உங்களுக்கு ஆறு மட்டுமே முதிர்ந்திருந்தால் நான்கு என்பது நல்ல விளைவு. ஒன்பது முதிர்ந்திருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

முதிர்ந்தவை குறைவாக இருந்திருந்தால், முட்டை எடுப்பதற்கு 34 முதல் 36 மணி நேரத்துக்கு முன், அவற்றை முதிரச் செய்யப் போடப்படும் ட்ரிகர் ஊசியை மருத்துவர் முதலில் கவனிப்பார். முட்டைகள் வளரும் சிறு பைகள் போதிய அளவு பெரிதாகும் முன்பே அதைப் போட்டிருந்தாலோ, மருந்து சரிவர வேலை செய்யாதிருந்தாலோ முதிர்ச்சி குறையும். அடுத்த சுழற்சியில் இதை மாற்றியமைக்க முடியும் என்பதால் எனக்கு இதுவே மிக முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

முதிர்ந்தவை போதிய அளவு இருந்தும் கருவுறாமல் போயிருந்தால், எந்த முறை கையாளப்பட்டது என்று பார்க்க வேண்டும். வழக்கமான விந்துப் பரிசோதனை எண்ணிக்கை, நகர்வு, வடிவம் ஆகியவற்றையே காட்டும். முட்டையின் உறையைத் துளைத்து உள்ளே செல்லும் திறனைக் காட்டாது. முட்டையையும் விந்தணுக்களையும் ஆய்வகத் தட்டில் சேர்த்து வைத்துத் தானாகக் கருவுற விட்டிருந்தால், அடுத்த முறை ஒரே விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்சி முறையைப் பற்றிப் பேசலாம். விந்து இயல்பாக உள்ள எல்லோருக்கும் அது தேவையில்லை. உங்களைப் போல் முன்பு குறைவாகக் கருவுற்றவர்களுக்கு அதைப் பரிசீலிப்பது நியாயமானது. இக்சிக்குப் பிறகும் இதே நிலை என்றால், விந்தணு உள்ளே சென்றும் முட்டை விழித்தெழாமல், அதாவது வளர்ச்சியைத் தொடங்காமல் போகிறதா என்று ஆராய்வார்கள். அதற்கெனக் கால்சியம் சார்ந்த தூண்டல் முறை உண்டு, ஆனால் அது குறிப்பிட்ட சிலருக்கு மட்டுமே.

வயது கருவுறுதலைக் காட்டிலும் கருவின் குரோமோசோம்களையே அதிகம் பாதிக்கிறது. நீங்கள் வேலைக்குச் சென்றதாலோ கவலைப்பட்டதாலோ முட்டைகள் கருவுறவில்லை என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். இருவரில் யாரேனும் புகைபிடித்தால் இன்றே நிறுத்துங்கள். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால், பலன் தெரிய மூன்று மாதமாவது வேண்டும்.

மருத்துவரைச் சந்திக்கும்போது முதிர்ந்த முட்டைகளின் எண்ணிக்கை, ட்ரிகர் ஊசி போட்ட நேரம், கையாண்ட முறை ஆகியவை அடங்கிய ஆய்வகக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மறுநாள், விந்தணு சேர்த்த 16 முதல் 18 மணி நேரத்தில் பார்த்தபோது, முட்டைக்குள் இயல்பாக இருக்க வேண்டிய இரண்டுக்குப் பதிலாக மூன்று உட்கருக்கள் தெரிந்ததால் ஒதுக்கப்பட்டவை எத்தனை என்பதையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள்.