மாதக் கட்டணம் குறைவாக இருப்பதுதான் பிரச்சினை

கேள்வி: டோக்கியோ நிஷி-கசாயில் ஒரு பழைய மான்ஷனில் (இங்கே கான்கிரீட் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அப்படித்தான் பெயர்) 4ஆம் மாடி வீடு பார்த்திருக்கிறோம். 60 சதுர மீட்டர். மொத்தம் 50 வீடுகள். 1982 செப்டம்பரில் கட்டி முடித்தது. உள்ளே எல்லாம் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். கட்டடப் பராமரிப்பு நிதிக்கு மாதம் 6,000 யென்தான். வாங்கலாமா?

பதில்: அந்த 6,000 யென்தான் எனக்கு உறுத்துகிறது. நிலம், உட்கட்டமைப்பு அமைச்சகம் 2021இல் திருத்திய வழிகாட்டுதலைப் பாருங்கள். உங்களுடையதைப் போன்ற 5,000 சதுர மீட்டருக்குட்பட்ட கட்டடங்களுக்கு ஷூசென் சுமிதாதேகின், அதாவது நீங்கள் சொல்லும் பராமரிப்பு நிதி, சராசரியாகச் சதுர மீட்டருக்கு மாதம் 335 யென். உங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 20,000 வரும். மிச்சத்தை இத்தனை வருடம் யாரும் கட்டவில்லை என்றால், அதை இனிமேல் வருபவர்தானே கட்டவேண்டும்?

12 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டிப் பெரிய பழுதுபார்ப்பு செய்வார்கள். வீட்டுக்குப் பத்து லட்சம் யென் வரை ஆவது சகஜம். 50 வீட்டுக்கு 5 கோடி. கையிருப்பு 2 கோடிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3 கோடிக்கு வீட்டு உரிமையாளர்களின் சங்கம் கடன் வாங்கும், அல்லது வீட்டுக்கு 6 லட்சம் ஒரே தவணையில் கேட்கும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, நிர்வாக நிறுவனம் தரும் ஜூயோ ஜிகோ சோசா ஹோகோக்குஷோ அறிக்கையை ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள். நிதிக் கையிருப்பு, சங்கத்தின் கடன், கட்டண உயர்வுத் திட்டம், யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பவர் வைத்த பாக்கியைச் சட்டப்படி உங்களிடமும் வசூலிக்கலாம். கடந்த இரண்டு மூன்று வருடப் பொதுக்குழுக் குறிப்புகளையும் கேளுங்கள். குழாய்க் கசிவும் அண்டை வீட்டுச் சண்டையும் அதில்தான் வெளிவரும்.

அடுத்தது நிலநடுக்கம். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டுவதற்கான புதிய விதி 1981 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கணக்கில் வருவது கட்டி முடித்த நாள் அல்ல, கட்டட அனுமதி உறுதியான நாள். இந்த அளவு கட்டடம் எழும்ப ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும் என்பதால், உங்களுடையது பழைய விதியில் கட்டியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அனுமதித் தேதி உள்ள பதிவேட்டுச் சான்று வார்டு அலுவலகத்தில் கிடைக்கும். இதில் ஒரு வேடிக்கை: 2022 முதல் வீட்டுக்கடன் வரிச்சலுகைக்கு, பத்திரப் பதிவில் 1982 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு கட்டியதாக இருந்தாலே போதும், புதிய விதிப்படி கட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். வரி அலுவலகம் ஒப்புக்கொண்டதால் தூண்களும் ஒப்புக்கொண்டுவிட்டன என்று நினைக்கவேண்டாம்.

புது வால்பேப்பரைப் பார்த்து மயங்காதீர்கள். வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் மீட்டரோடு சேரும் குழாய் பழைய இரும்பா, புதுப் பிளாஸ்டிக்கா, இணைப்பில் துரு வழிந்த தடம் இருக்கிறதா என்று அங்கேயே தெரியும். மாடிகளை இணைக்கும் செங்குத்துக் குழாய்கள் பொதுச் சொத்து; அவற்றை மாற்றியாயிற்றா என்று தனியாகக் கேளுங்கள். அப்புறம், பிரேக்கர் எத்தனை ஆம்பியர், அதை உயர்த்தக் கட்டடம் அனுமதிக்குமா என்பதையும்.

நிஷி-கசாய் இருக்கும் எடோகாவா வார்டு, 2019இல் தன் வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சிட்டது! தண்ணீர் இரண்டு வாரத்துக்கு மேலும்கூட வடியாமல் நிற்கலாம் என்கிறது அது. நான்காம் மாடி நனையாது, சரி. ஆனால் மின்சார அறையும் பம்பும் தரைத்தளத்தில் இருந்தால் லிஃப்டும் தண்ணீரும் நின்றுவிடும்.

நிரந்தர வசிப்புரிமை இல்லையென்றால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். வீட்டைத் தேர்வு செய்வதற்கு முன்பே வங்கியிடம் பேசிவிடுங்கள். தரகுக் கட்டண உச்சவரம்பு விலையில் 3 சதவீதமும் 60,000 யென்னும், அதன்மேல் வரியும். சொத்து வாங்கியதற்கான வரிச்சீட்டு குடியேறிப் பல மாதம் கழித்துத்தான் வரும், அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.