சென்னை வெயிலில், போர் தண்ணீரில், சிலிண்டர் இல்லாமல் ஒரு செடித்தொட்டி

இரண்டடித் தொட்டி, சென்னை வீடு, போர்வெல் தண்ணீர். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோ விலை உயர்ந்த இறக்குமதி மண்ணோ வாங்காமல் மீன்தொட்டியில் செடி வளர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். ஒரே ஒரு வேண்டுகோள்: மீனுக்காகத் தொட்டி வைத்துவிட்டு, அதில் அழகுக்காக நான்கு செடிகளைச் செருகாதீர்கள். முதலில் செடி. அது வேர்பிடித்துப் புது இலை விட்ட பிறகே மீன். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் பாதித் தொல்லைகள் வரவே வராது.

இணையத்தில் நாம் பார்த்து மயங்கும் தொட்டிகளில் பல, ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015) பரப்பிய பாணியைச் சேர்ந்தவை. தரையோடு படரும் பசும் விரிப்பு, சிவந்த தண்டுச் செடிகள். எனக்கும் அவை மிகவும் பிடிக்கும். ஆனால் அங்கே வலுவான விளக்கு, கார்பன் டை ஆக்சைடு, உரம் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. விளக்கை மட்டும் வாங்கி மற்ற இரண்டையும் விட்டால் பாசிதான் செழிக்கும். நீங்கள் கேட்பது வேறு வழி. அதற்கு மிதமான வெளிச்சமும் நம் தண்ணீருக்கு ஒத்துப்போகும் செடிகளும் போதும்.

போர் தண்ணீர் உப்பு, கடினம் என்று பலர் பயப்படுகிறார்கள். வாயில் வைத்தால் கைக்கும் அளவுக்கு உப்பாக இல்லாதவரை அந்தக் கடினத்தன்மையே சில செடிகளுக்கு நன்மை. வாலிஸ்நேரியாவும், பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்கு வைத்தோமே அந்த ஹைட்ரில்லாவும், தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தமக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளக் கூடியவை. எனவே சிலிண்டர் இல்லாத குறை அவற்றுக்குப் பெரிதாகத் தெரியாது. தண்ணீர் அளவுக்கு மீறி உப்பாக இருந்தால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கேன் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றினால் செடிக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் போதாமல் போகும். லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து அவசியம்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும்; மண், கண்ணாடி சேர்ந்து 70 கிலோவைத் தாண்டும். பிறகு நகர்த்த முடியாது. நேர் வெயில் படாத இடம், ஆடாத மேசை, அடியில் ஒரு தெர்மாகோல் அட்டை.

மண்ணுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். எரு, மண்புழு உரம், ரசாயன உரம் எதுவும் கலக்காத தோட்ட மண்ணைச் சலித்து, இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்து, மிதப்பதை வடித்துவிட்டு, ஓர் அங்குலம் பரப்புங்கள். நர்சரியில் கிடைக்கும் கலவையில் சாணம் இருக்கும். அது தண்ணீருக்குள் அம்மோனியாவாக மாறும். மண்ணின் மேல் ஓர் அங்குலத்துக்குச் சற்று கூடுதலாக, நன்கு கழுவிய ஆற்று மணல். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும். அழகுக்குக் கல் வைப்பதானால் அதன் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும்.

செடி வாங்க, வண்ண மீன் கடைகள் நிறைந்த சென்னை கொளத்தூருக்குப் போங்கள். கூட்டம் குறைந்த நாளில் போனால் நிதானமாகப் பார்த்து எடுக்கலாம். பின்புறத்துக்கு வாலிஸ்நேரியா. நடுவில் கிரிப்டோகோரைன், கடைகளில் அதிகம் கிடைக்கும் ‘வெண்டியை’ (wendtii) என்ற வகை இலங்கையின் ஓடைகளைச் சேர்ந்தது, மங்கலான வெளிச்சமே அதற்குப் போதும். பக்கங்களில் நீர்ப்பிரமி. ஆம், நம் குளக்கரைகளில் வளர்கிற, சித்த மருத்துவத்தில் பயன்படுகிற அதே மூலிகைதான். கடையில் பக்கோபா என்பார்கள். ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் வாங்கினால் அவற்றின் தடித்த தண்டை மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டுங்கள். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை இங்கேதான் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. முதல் நாளே தரை தெரியாத அளவு நெருக்கமாக நட்டால், பாசிக்குக் கிடைக்க வேண்டிய சத்தைச் செடிகள் முந்திக்கொண்டு எடுத்துவிடும்.

நட்ட ஒன்றிரண்டு வாரங்களில் பழைய இலைகள் கரைந்து உதிரும். கிரிப்டோகோரைன் மொத்தமாகக் கரைந்து, செத்துவிட்டது போலவே தோன்றும். பிடுங்கிவிடாதீர்கள். பண்ணைகளில் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்த்த செடிகள் இவை; நீருக்கேற்ற இலைகளை வேரிலிருந்து புதிதாக விடும். அழுகிய இலைகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

விளக்குக்கு 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெண்ணிற ஒளி) என்று அட்டையில் அச்சிட்ட சாதாரண இரண்டடி எல்.இ.டி. பட்டையே போதும். தினமும் 6 மணி நேரத்தில் தொடங்கி, செடிகள் தேறியதும் 8 மணி நேரமாக உயர்த்தலாம். அதற்கு ஒரு டைமர் பொருத்திவிடுங்கள்.

மீனுக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக அவ்வளவு காலம் ஆகும். நம் ஊரில் இதில் அலட்சியம் கூடவே கூடாது. காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அம்மோனியாவின் நச்சு வடிவம் பெருகும்: பி.எச். 7, 25 டிகிரியில் இருப்பதைவிட பி.எச். 8, 30 டிகிரியில் அதன் பங்கு பத்து மடங்குக்கும் மேல். புதுத் தொட்டியில் இரண்டாம் நாளே மீன்கள் மேலே வந்து மூச்சுத் திணறுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அம்மோனியா சோதனைத் திரவம் ஒன்று வாங்கி, அளவு பூஜ்யம் என்று காட்டிய பிறகே மீன் விடுங்கள்.

கடினத் தண்ணீருக்கு ஆண் கப்பிகள் ஆறேழு மிகப் பொருத்தம். இல்லையென்றால் ஒரே ஒரு ஃபைட்டர் (பெட்டா) மீன். நியான் டெட்ரா நம் கோடைக்குத் தாங்காது. தங்கமீன் செடிகளைக் கடித்துப் பிடுங்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கும் மேல் வளரும். இடம் போதாமல் ஆட்கள் கொண்டுபோய் விட்டதால்தான் அது நம் நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டது. தயவுசெய்து வாங்க வேண்டாம். கத்தரித்த செடிகளையும் ஏரியில் போடாமல், நன்றாகக் காயவைத்துத் தொட்டிச்செடிகளுக்கு உரமாக்குங்கள்.

ஹீட்டர் சென்னைக்குத் தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி ஒரு சிறிய மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அப்போது தண்ணீர் தினமும் வற்றும். ஆனால் ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே வற்றியதை நிரப்பக் கேன் தண்ணீர். வாரம் ஒருமுறை கால்பங்கு மாற்றும்போது வழக்கமான தண்ணீர்.